ஜூன் மாதம் அங்கே வெயில் இல்லை

ஸ்ரீரங்கம்
20 ஜனவரி 2025

இயேசு, மரி, சூசை துணை.

என் தங்கை அடைக்கலமேரிக்கு அண்ணன் அற்புதசாமி எழுதுவது. நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

இதை நானே எழுதுகிறேன். மகன் பிரவீன்ராஜ் எழுதவில்லை, மருமகள் பெலிண்டா எழுதவில்லை. உன் அண்ணன் எழுபத்திரண்டு வயதில் தன் கையால் எழுதுகிறான். சந்தேகம் என்றால் எழுத்தைப் பார். ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே இறங்குகிறது. படித்தவர்கள் யாராவது இப்படி எழுதுவார்களா? இந்தப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது.

ரோசம்மாள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ கடல் தாண்டி லெசோத்தோவுக்குப் போன நாளிலிருந்து உன் கடிதங்களை எனக்கு வாசித்தவள் அவள்தான். நான் சொன்னதை உனக்கு எழுதியவளும் அவள்தான். அவள் போன பிறகு பிரவீன் வாசித்தான். வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றுகொண்டே வாசிப்பான். "நல்லா இருக்காங்களாம்ப்பா" என்று மடித்துக் கொடுத்துவிடுவான். நாலு பக்கத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கு மனசு ஆறாது. ஒருமுறை அவன் போனில் முகம் பார்த்துப் பேச முயன்றோமே, உன் கை பாதியில் அப்படியே நின்றுவிட்டது. மலை மேல் நெட் அவ்வளவுதானாம். உனக்குக் காது கேட்காது, எனக்கு எழுத்து தெரியாது. இரண்டில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும் என்று வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

மேலூர் ரோட்டுப் பள்ளியில் சாயங்காலம் வகுப்பு. டீச்சர் பெயர் வைஷ்ணவி, கல்லூரியில் படிக்கிற பெண். பூ விற்கிற மாரியாயி, ஆட்டோ ஓட்டுகிற பிச்சமுத்து, இன்னும் ஐந்து பேர். நான் இதை எழுதும்போது பிச்சமுத்து எட்டிப் பார்த்தான். "என்ன பெரிசு, லவ் லெட்டரா?" என்றான். "ஆமாய்யா, ஒரு கன்னியாஸ்திரிக்கு" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

போன ஜூனில் நீ எழுதியதை நேற்று நானே வாசித்து முடித்தேன். பனி முழங்கால் வரை கிடக்கிறது என்று இருக்கிறது. ஜூனில் பனியா? பேனா வழுக்கிவிட்டதா?

உன் கடிதம் எல்லாவற்றையும் ரோசம்மாள் ஒரு பிஸ்கட் டப்பாவில் வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள். அரியமங்கலம் வீட்டைக் காலி செய்தபோது அதை நான்தான் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். முதலிலிருந்து வாசிக்கப் போகிறேன்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

அண்ணன்
அற்புதசாமி


லெசோத்தோ
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு, இறைவன் உன்னையும் பிரவீனையும் பெலிண்டாவையும் காப்பாராக. நான் நலம். உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் உறையைக் கையில் வாங்கியதும் யாரோ பள்ளிப்பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிறகு பெயரைப் பார்த்தேன். சமையலறையிலேயே உட்கார்ந்து பிரித்து வாசித்தேன். எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து காது போனபோது எல்லோரும் என்னிடம் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். நீ ஒருவன்தான் கையால் பேசக் கண்டுபிடித்தாய். இப்போது இதையும் செய்திருக்கிறாய்.

பேனா வழுக்கவில்லை, அண்ணா. இங்கே ஜூன்தான் கடுங்குளிர். இப்போது பிப்ரவரியில் கோடை முடிகிறது. பள்ளித் தோட்டத்தில் பீச் பழம் உதிர்ந்து கிடக்கிறது. காது கேளாத எங்கள் பிள்ளைகள் பொறுக்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு எது குளிரோ அது எங்களுக்கு வெயில்.

ஒன்று சொல்கிறேன். பழைய கடிதங்களை இப்போது எடுக்காதே. என் கையெழுத்து அப்போது கோழிக் கிறுக்கல். உன் கண்ணுக்கு ஆகாது. உனக்காக இனிமேல் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். அதை வாசி, போதும்.

உனக்காக மன்றாடும் தங்கை
அடைக்கலமேரி


ஸ்ரீரங்கம்
2 ஏப்ரல் 2025

இயேசு, மரி, சூசை துணை.

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. முழங்கால் பரவாயில்லை. படியேறினால்தான் வலி. உன் நெஞ்சுச்சளி எப்படி?

உன் கடிதத்தை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று வாசித்தேன். மூன்று இடத்தில்தான் தடுக்கியது. வைஷ்ணவி கைதட்டினாள். பிறகு சண்டை வந்துவிட்டது. மாரியாயி சொல்கிறாள், "சூரியன் கிட்ட வந்தா வெயில், தூரப் போனா குளிர். இதுல என்னாங்க கஷ்டம்?" பிச்சமுத்து விடவில்லை. "அப்ப அந்த அம்மா ஊருக்கு மட்டும் தனியா ஒரு சூரியனா?" என்றான். வைஷ்ணவி சிரித்தாளே தவிர பதிலைச் சொல்லவில்லை. "உங்க தங்கச்சி டீச்சர்தானே தாத்தா, அவங்களையே கேளுங்க. கேள்வி எழுதறதுதான் இந்த வார வீட்டுப்பாடம்" என்றுவிட்டாள். அதனால் கேட்கிறேன். ஒரே சூரியன், ஒரே பூமி. எனக்கு வியர்க்கும்போது உனக்கு எப்படி நடுங்குகிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ரோசம்மாள் வாசித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜூன் மாதக் கடிதம் வந்தால், "அங்க வெயில் கொளுத்துதாம், நம்ம ஊரே தேவலாமாம்" என்பாள். ஒரு வருஷம் இல்லை, பல வருஷம். நானும், பாவம் அங்கேயும் வெயிலா என்பேன். நீ அப்படி எழுதினாயா?

டப்பாவைத் திறந்துவிட்டேன். நீ கோபப்படாதே. ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. இப்போது 1991.

அண்ணன்
அற்புதசாமி


லெசோத்தோ
6 மே 2025

அன்புள்ள அண்ணா, உன் கேள்வியோடு வந்த கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சளி இருக்கிறது, ஆனால் தூங்க முடிகிறது. அங்கே அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருக்கும். உச்சி வெயிலில் வெளியே போகாதே.

என் பிள்ளைகளுக்கு இதை நான் வாயால் சொல்ல முடியாது, உடம்பால் காட்டுவேன். நீயும் செய்து பார். அறை நடுவே ஒரு விளக்கு வை. அது சூரியன். ஒரு பிள்ளையைப் பூமியாக்கு. அந்தப் பிள்ளை ஜன்னல் இருக்கும் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, விளக்கைச் சுற்றி நடக்க வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான். விளக்குக்கு எந்தப் பக்கம் போனாலும் சாய்வு ஜன்னலை நோக்கியே இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இங்கேதான் தவறுவார்கள். விளக்கைப் பார்த்ததும் அதை நோக்கிச் சாய்ந்துவிடுவார்கள். பூமி அப்படிச் செய்யாது. அதன் சாய்வு ஒரே திசையில் நிற்கும்.

இப்போது பார். பிள்ளை அறையின் உள்பக்கம் நிற்கும்போது, ஜன்னலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் விளக்கு இருக்கும். ஜன்னல் பக்கம் சாய்ந்தால் தலையும் நெஞ்சும் விளக்கை நோக்கும். அது ஜூன். அரைச் சுற்று நடந்து ஜன்னலோரம் வந்தால், அதே சாய்வில் தலை விளக்கைவிட்டு விலகிவிடும். காலுக்குத்தான் வெளிச்சம். அது டிசம்பர். பூமியின் இடுப்புக்குச் சற்று மேலே, சட்டைப் பொத்தான் ஒன்று இருக்குமே, அதுதான் திருச்சி. முழங்கால் பக்கம் எங்கள் மலை. உனக்கு வெளிச்சம் நேராக விழும்போது எனக்குச் சாய்வாக விழும். பகலும் குறுகிவிடும். சீக்கிரம் இருட்டிவிடும். அதுதான் குளிர்காலம். நீங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் சாய்வு உங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. மார்கழியில் ஒரு போர்வை, அதோடு சரி.

மாரியாயியிடம் சொல், பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருவது ஜனவரி முதல் வாரத்தில். கிட்டே வருவதால்தான் வெயில் என்றால் அப்போது அல்லவா அவர் கூடைப் பூ வாட வேண்டும்?

ரோசம்மாள் வாசித்தது பற்றிக் கேட்டிருந்தாய். நான்தான் ஏதோ அவசரத்தில் தவறாக எழுதியிருப்பேன். அதை விடு.

அன்புத் தங்கை
அடைக்கலமேரி


ஸ்ரீரங்கம்
14 ஜூன் 2025

இயேசு, மரி, சூசை துணை.

தங்கைக்கு அண்ணன். இங்கே எல்லோரும் சுகம். பெலிண்டாவுக்கு மட்டும் இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை. உனக்கு இது குளிர்காலம், இனி நான் மறக்க மாட்டேன். கம்பளி போட்டுக்கொள்.

அடைக்கலம், எனக்குப் புரிந்துவிட்டது! பிச்சமுத்துவைத்தான் பூமியாக்கினோம். நீ சொன்ன இடத்திலேயே தவறினான். விளக்கை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து போனான். மாரியாயி ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "ஆட்டோவை மட்டும் நேரா ஓட்டுவியாக்கும்" என்றாள். எட்டுப் பேரும் சுற்றினோம். வைஷ்ணவியும் சுற்றினாள்.

அப்புறம் நான் எழுந்து ஒன்று சொன்னேன். அரியமங்கலம் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்புத் தகட்டைக் கேஸ் வைத்து வெட்டியவன் நான். டார்ச்சை நேரே பிடித்தால் தீ ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் நிற்கும், தகடு சிவந்து உருகும். சாய்த்துப் பிடித்தால் அதே தீ உள்ளங்கை அகலத்துக்குப் பரவும், சுடுமே தவிர உருகாது. தீ ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். பிடிக்கிற கோணம்தான் வேறு. வெயில் காலமும் குளிர் காலமும் இதுதானே? வைஷ்ணவி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். என் பேச்சை ஒரு டீச்சர் எழுதியது இதுதான் முதல் தடவை.

இந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று தோன்றியது. அதிலிருந்து மனசு சரியில்லை.

சாய்வு மாறாது என்றாய். அப்படியென்றால் உன் ஊரில் எந்த ஜூனும் வெயிலாக இருக்க முடியாது. ஒரு வருஷம் நீ தவறாக எழுதலாம். வருஷா வருஷம் பனியில் உட்கார்ந்துகொண்டு வெயில் என்று எழுதுவாயா? டப்பாவில் 1995 வரை வந்துவிட்டேன். ஒரு ஜூன் கடிதத்திலும் வெயில் இல்லை. அந்தக் காலத்தில் ரோசம்மாளும் வெயில் என்று வாசித்ததாக ஞாபகம் இல்லை. அது பிறகுதான் தொடங்கியது. எப்போது என்று தெரியவில்லை.

அவளுக்கு எழுத்து சரியாகத் தெரியாமல் இருக்குமோ? பத்தாவது படித்தவள் ஆயிற்றே. சொல்.

அண்ணன்
அற்புதசாமி


லெசோத்தோ
18 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

பெலிண்டா தேறியிருப்பாள் என்று நம்புகிறேன். டார்ச் உதாரணத்தை என் பிள்ளைகளுக்குக் காட்டினேன், கைவிளக்கும் பலகையும் வைத்து. நான் இருபது வருடமாகக் காட்டியதைவிட அதில் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1995-ஓடு நிறுத்திவிடு. டப்பாவை மூடி எனக்கே அனுப்பிவிடு. அவை என் கடிதங்கள், கேட்க எனக்கு உரிமை உண்டு. ரோசம்மாள் உனக்கு நல்ல மனைவியாக இருந்தாள். அம்மாவுக்கு மலம் அள்ளிப் பார்த்துக்கொண்டாள். அதை மட்டும் நினைத்துக்கொள்.

இங்கே ஒரு செய்தி. டிசம்பரோடு இந்த மலைப்பள்ளி மூடப்படுகிறது. பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள். வயதானவர்கள் எங்கே போகிறோம் என்று ஜனவரி 31-க்குள் சொல்ல வேண்டும். நான் எந்த ஊரைச் சொல்வது என்று தெரியவில்லை.

பனி விழுகிறது. விரல் மடங்கவில்லை.

அடைக்கலமேரி


ஸ்ரீரங்கம்
29 ஆகஸ்டு 2025

இயேசு, மரி, சூசை துணை.

அடைக்கலம், நீ சுகமா? நான் உடம்புக்குச் சுகம்.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. உன் கடிதம் வந்தபோது நான் 1999-ஐ முடித்திருந்தேன். அந்த ஜூன் கடிதத்தை இங்கே பார்த்து எழுதுகிறேன். நீ எழுதியதுதானா என்று சொல். எழுத நாலு நாள் ஆனது.

"21 ஜூன் 1999. அன்புள்ள அண்ணா, மூன்று நாளாகப் பனி. இருமினால் ரத்தம் வருகிறது. இன்னொரு குளிர்காலம் இந்த மலையில் இருக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். ஒரு வருடம் வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ள மதர் அனுமதி கொடுத்துவிட்டார். வீட்டாரின் சம்மதம் எழுத்தில் வர வேண்டும். எனக்கு அம்மா பக்கத்தில் ஒரு பாய் போதும். அம்மாவை நானே பார்த்துக்கொள்வேன், அண்ணிக்கு ஓய்வாக இருக்கும். அண்ணா, பயமாக இருக்கிறது. நீ கூப்பிட்டால் அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன்."

இந்தக் கடிதம் வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையில் தீக்காயத்தோடு வீட்டில் இருந்தேன். ரோசம்மாள் எதிரில் உட்கார்ந்து வாசித்தாள். "அங்க வெயில் பின்னுதாம். பிள்ளைங்க நல்லா படிக்குதாம். அத்தையைக் கேட்டாங்களாம்." அவ்வளவுதான். காகிதத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. நான் பதில் எழுதச் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? தலையில் ஈரத்துணி போட்டுக்கொள், இளநீர் கிடைத்தால் குடி என்றேன். ரத்தம் கக்கிக்கொண்டு பனியில் கிடந்தவளுக்கு இளநீர்.

அவள் என்ன எழுதினாள்? எழுதியதற்குக் கீழே நான் வழக்கம்போல் கைநாட்டு வைத்தேன். நான் உனக்கு என்ன பதில் சொன்னேன், அடைக்கலம்?

1996-இல் ஒரு மாதம் வந்துவிட்டுப் போனவள், அப்புறம் வரவே இல்லை. தங்கச்சிக்கு நம் வீடு பிடிக்கவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அற்புதசாமி


லெசோத்தோ
20 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா, இறைவன் உனக்குப் பலம் தரட்டும். மூன்று வாரமாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன்.

அது நான் எழுதியதுதான்.

வந்த பதில் இது: "இங்கே இடம் இல்லை. அம்மா படுக்கையில் இருக்கிறார். துறவியாகப் போனவளுக்குச் சபைதான் வீடு. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்." கீழே உன் கட்டைவிரல் ரேகை. நீ சொல்லித்தான் எழுதினாள் என்று நம்பினேன். அடுத்த வருடக் குளிரை நகரத்து ஆசுபத்திரியில் கழித்தேன். பிழைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்தேன். ஆனாலும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2023 ஜூலையில் ரோசம்மாள் முதல்முறையாகத் தன் பெயரில் எனக்கு எழுதினாள். புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகு. அதை இதோடு வைத்திருக்கிறேன். நீயே வாசிப்பாய். ஆனாலும் அதில் முக்கியமான இடத்தைப் பெரிய எழுத்தில் இங்கே எழுதுகிறேன்.

"சிஸ்டர், நீங்க வந்திருந்த அந்த ஒரு மாசமும் அண்ணனும் தங்கச்சியும் கையாலயே பேசிப் பேசிச் சிரிச்சீங்க. நான் சோத்துக் கரண்டியோட நிப்பேன். என்னாங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லைடிம்பாரு. என் வீட்டுல எனக்கே பாஷை தெரியல. நீங்க போனப்புறம் உங்க கடிதம் வந்தா என் எதிர்ல வந்து உக்காருவாரு. என் வாயையே பாத்துக்கிட்டிருப்பாரு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரல. குளிருன்னு வாசிச்சிருந்தா அன்னைக்கே கூப்பிட்டிருப்பாரு. வெயிலுன்னா நம்ம ஊர்ல யாரு கவலைப்படப் போறா? அதான் வெயிலுன்னு வாசிச்சேன். ஒரு தடவை சொன்னதை அப்புறம் வருஷா வருஷம் சொல்ல வேண்டியதாப் போச்சு. உங்க அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொன்னதை உன்னிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நீ எழுதக் கற்றுக்கொள்வாய் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள்.

நானும் அவளுக்கு ஒரு பதில் எழுதினேன். அவள் பெயருக்கு. அவள் இறப்பதற்குள் போய்ச் சேர்ந்ததா என்று இதுவரை எனக்குத் தெரியாது.

ஊர் விஷயம். எங்கள் சபைக்குத் திருச்சி மன்னார்புரத்தில் ஒரு சிறிய இல்லம் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால், நோயில் விழுந்தால் பார்த்துக்கொள்வோம் என்று உறவினர் ஒருவர் எழுதித் தர வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டேன். இன்னொருமுறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடைக்கலமேரி


ஸ்ரீரங்கம்
3 நவம்பர் 2025

அடைக்கலம், சுகமா? உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். பிரவீன் காலையிலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்து, பூ, மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி வைத்திருந்தான். பெலிண்டா புடவை கட்டிக்கொண்டு நின்றாள். நான் வரவில்லை என்றேன். "ஏம்ப்பா, உடம்புக்கு முடியலையா?" என்றான். "முடியுது. நான் வரலை" என்றேன். ஆட்டோவோடு பிச்சமுத்து வாசலில் வந்து நின்றான், என்னைக் கூட்டிப் போக. அவர்கள் போய்விட்டு வந்தார்கள்.

நாற்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவள். வெயிலில் வெந்து பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள். எனக்கு அவள்மேல் கோபம் வருவது இதுதான் முதல் தடவை. இதை யாரிடம் சொல்வது? வகுப்புக்கும் பத்து நாளாகப் போகவில்லை. படிக்காமலே இருந்திருக்கலாம் என்று நேற்று ராத்திரி தோன்றியது. பதில் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்
9 டிசம்பர் 2025

இயேசு, மரி, சூசை துணை.

என் தங்கை அடைக்கலமேரிக்கு அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமா? மூச்சு எப்படி இருக்கிறது?

உன் கடிதம் நவம்பர் 24-ஆம் தேதி வந்தது. ஏழு தடவை வாசித்தேன். ரோசம்மாள் கையெழுத்தையும் வாசித்தேன். அவள் கையெழுத்தை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. இத்தனை அழகாக எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு டப்பாவைக் கவிழ்த்தேன். கடைசி வருஷங்களின் கடிதங்களுக்கு நடுவே உன் உறை ஒன்று ஒட்டு பிரிக்காமல் இருந்தது. மேலே அவள் பெயர். பிரவீனைக் கேட்டேன். "அம்மா அடக்கத்துக்கு மறுவாரம் வந்துச்சுப்பா. அம்மா பேருக்கு வந்ததை நாம எப்படிப் பிரிக்கிறதுன்னு டப்பாவுல போட்டுட்டேன்" என்றான். அப்போதுதான் அவனிடமும் பெலிண்டாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பிரவீன் எழுந்து வெளியே போய்விட்டான். பெலிண்டாதான், "அத்தை என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்காங்க மாமா, கைப்பேச்சு கத்துக்க எவ்வளவு நாளாகும்னு. எதுக்குக் கேக்கறாங்கன்னு நான் யோசிக்கல" என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பஸ் மாறி அரியமங்கலத்தில் அவள் கல்லறைக்குப் போனேன், தனியாக. முதலில் உன் 1999 கடிதத்தை எடுத்து அவளுக்கு வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல், சத்தமாக. ரத்தம் என்று வருகிற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தேன். அவளைத் திட்டத்தான் போனேன். அதையும் செய்தேன். பிறகு உன் உறையை அங்கேயே பிரித்தேன். அதையும் வாசித்தேன். நீ அவளுக்கு எழுதியதை நான் இங்கே திருப்பி எழுதவில்லை. அது உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். கல்லறைக்குக் காவல் இருக்கிறவர் வந்து, "என்ன பெரியவரே, செபமா?" என்றார். "இல்லைப்பா, தபால் வந்திருக்கு" என்றேன்.

மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றவில்லை. என் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து நேராக மன்னார்புரத்துக்குப் போனேன். உங்கள் இல்லத்தில் இருந்த சிஸ்டர் காகிதத்தைக் கொடுத்தார். "மகனை எழுதச் சொல்லுங்க, நீங்க கைநாட்டு வெச்சாப் போதும்" என்றார். "நானே எழுதறேன் சிஸ்டர்" என்றேன். மணியடித்தது. எல்லோரும் கோயிலுக்குள் செபம் சொல்லப் போனார்கள். முடித்துத் திரும்பி வந்தபோதும் நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சிஸ்டர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என்ன எழுதினேன் என்றால், "என் தங்கை நோயில் விழுந்தால் நான் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பிறகு என் மகன் பிரவீன்ராஜும் மருமகள் பெலிண்டாவும் பார்த்துக்கொள்வார்கள்." அவர்கள் இரண்டு பேரையும் முந்தின ராத்திரியே கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பிரவீனுக்கு முகம் இன்னும் தெளியவில்லை. ஆனாலும் சரி என்றான்.

அதைக் கம்ப்யூட்டரில் உங்கள் மதருக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் நீயே திருச்சி என்று சொன்னால்தான் செல்லுமாம். ஜனவரி 31 கடைசி. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை. அதனால் இதையே இரண்டு பிரதி எழுதி இரண்டு தபாலில் போடுகிறேன். ஒன்றாவது வந்து சேரும்.

நீ 1999-இல் என்னைக் கேட்டாய். உன் கடிதம் எனக்கு இப்போதுதான் கிடைத்தது. வா, அடைக்கலம்.

உன் அண்ணன்
அற்புதசாமி